ஐந்து வெள்ளைக் கிண்ணங்களும் ஒரு ஐஸ் வாளியும்

துப்புவதற்குச் சம்பளம் வாங்கியவன் நான். இதை இப்படிப் பட்டென்று சொன்னால், புதிதாக அறிமுகமாகிறவர்கள் ஒரு அடி பின்னால் நகர்ந்துகொள்கிறார்கள். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் இடம் மாறி உட்கார்ந்ததும் உண்டு. ஆகவே முதலிலேயே விளக்கிவிடுவது எல்லோருக்கும் நல்லது.

எழுபதுகளின் நடுவில் நான் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். மூணாறிலிருந்து ஜீப்பில் ஒரு மணி நேரம் மேலே ஏற வேண்டும். அங்கே தேயிலையை ருசி பார்ப்பதற்கென்று தனி அறை உண்டு. நீளமான மேஜை, அதன்மேல் வரிசையாகக் கைப்பிடி இல்லாத வெள்ளைப் பீங்கான் கிண்ணங்கள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு தினுசுத் தேயிலையின் சாயம். கரண்டியில் ஒரு வாய் எடுத்து, காற்றோடு சேர்த்து 'சுர்ர்ர்' என்று உறிஞ்ச வேண்டும். எவ்வளவு சத்தம் வருகிறதோ அவ்வளவு நல்லது. சாயம் நாக்கெல்லாம் பரவி மூக்குவரை மணம் ஏறியதும், பக்கத்தில் இடுப்பு உயரத்துக்கு நிற்கும் தகரப் பாத்திரத்தில் துப்பிவிட வேண்டும். பிறகு 'கலர் இருக்கு, பிரிஸ்க் இல்லை' என்பது போல ஒரு தீர்ப்பு. (பிரிஸ்க் என்றால் நாக்கில் சுருக்கென்று படும் துடிப்பு.) அடுத்த கிண்ணம். ஒரு நாளைக்கு அறுபது, எழுபது கிண்ணம் வரும். அத்தனையையும் விழுங்கினால் மனிதன் என்னத்துக்கு ஆவான்? அதனால்தான் துப்புவது.

டீமேக்கர் தங்கராஜ் சார்தான் அந்த அறையின் அதிபதி. நான் அவருக்கு உதவியாளன். நாக்கு விஷயத்தில் நான் சுமார்தான் என்றாலும், துப்புவதில் என்னை அடித்துக்கொள்ள மேலே உள்ள எஸ்டேட்டுகளில் ஆள் கிடையாது. மூன்றடி தூரத்திலிருந்து ஒரு சொட்டு சிந்தாமல் பாத்திரத்தின் நடுமையத்தில் சேர்ப்பேன். (சிரிக்காதீர்கள். வீட்டில் ஒரு தடவை முயன்று பாருங்கள், அதன் அருமை தெரியும்.)

சிக்கல் என்னவென்றால், இந்த வாய்க்குத் தொழிற்சாலை எது, வீடு எது என்று தெரியவில்லை. கரண்டி உதட்டைத் தொட்டால் போதும், அது பாட்டுக்கு வேலையைத் தொடங்கிவிடும். அம்மா ரசம் ஊற்றினால் நான் 'சுர்ர்ர்' என்று இழுத்துவிட்டு ஜன்னலைத் தேடுவேன்.

"ஏலே, அது என்ன சத்தம்? வயக்காட்டுக்குத் தண்ணியா எறைக்க?" என்பாள் அம்மா. "துப்புன, கரண்டியாலயே போடுவேன் பாத்துக்க."

இப்படியே போயிருந்தால் இது வெறும் வீட்டுச் சண்டையாக முடிந்திருக்கும். ஆனால் அந்த வருஷம் ஆடி மாதத்தோடு அப்பாவுக்கு ஓய்வு. அப்பா அதே தொழிற்சாலையில் இலை வாட்டும் மாடியில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். எஸ்டேட்டின் சட்டம் ரொம்ப எளிமையானது. வேலை இருப்பவனுக்கு லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசையில், ஒரு வீடு. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. பிள்ளைகளில் ஒருவருக்கு நிரந்தர வேலை இருந்தால் மட்டும் வீடு அந்தப் பிள்ளையின் பெயருக்கு மாறும். எனக்கு இரண்டு தங்கைகள், இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில். நானோ டெம்பரவரி. எங்களுக்குச் சொந்த ஊர் என்று திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமத்தின் பெயரை அப்பா சொல்லுவார். அங்கே போய் இறங்கினால் அவரே நாலு பேரிடம் வழி கேட்டுத்தான் நடக்க வேண்டும்.

'வீடு போய்விடும்' என்று அப்பா என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. பழைய சாக்குகளை மட்டும் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து கதவுக்குப் பின்னால் அடுக்க ஆரம்பித்திருந்தார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அந்தச் சமயத்தில்தான் டீமேக்கர் சார் என்னைக் கூப்பிட்டார்.

"ஏப்பா முத்தையா, புதுசா ஒரு வேலை போடுதாங்க. மாசாமாசம் சாம்பிள் பெட்டியத் தூக்கிட்டு கொச்சி ஏலத்துக்குப் போகணும். பெர்மனென்ட். நான் ஒம் பேரச் சொல்லிருக்கேன்."

எனக்குத் தரை தெரியவில்லை.

"ஆனா கொச்சியில குரியன் சாரு சரின்னு சொல்லணும். பெரிய டேஸ்டர் அவரு. சனிக்கிழம மத்தியானம் நம்ம ரெண்டு பேரையும் ஓட்டலுக்கு வரச் சொல்லிருக்காரு."

"டேஸ்ட் பண்ணச் சொல்லுவாரா சார்?"

"டேஸ்டெல்லாம் கெடையாது. டீய எவன் வேணும்னாலும் படிச்சுக்கிடலாம்னுவாரு. தேயில வாங்குறவங்களோட சரிசமமா ஒக்காந்து நாகரிகமா சாப்பிடத் தெரியுதான்னு பாப்பாரு. அதான் பரீச்ச." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "அந்த ஓட்டல்ல இப்பம் மெக்சிகோ சாப்பாடு போடுதாங்களாம். அவருக்குப் புதுசு புதுசா சாப்பிடணும்."

மெக்சிகோ எந்தத் திசையில் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. தெரிந்தது போலத் தலையாட்டினேன். அந்த வயதில் எனக்குத் தெரியாத விஷயத்துக்கெல்லாம் அப்படித்தான் ஆட்டிக்கொண்டிருந்தேன்.

டீமேக்கர் சார் விவரமானவர். என்னை ஒரு நாள் முன்னதாக, வெள்ளிக்கிழமையே கொச்சிக்கு அனுப்பினார். நாலு ஓட்டலைப் பார்த்து, முள்ளுக்கரண்டி பிடிக்கப் பழகிக்கொண்டு வர வேண்டும் என்று உத்தரவு. பஸ் நிலையத்தில் எனக்காகக் காஜா அண்ணன் காத்திருந்தார். பாலக்காட்டு ராவுத்தர் குடும்பம். எங்கள் தொழிற்சாலையின் டீத்தூளை வாங்கி, எர்ணாகுளத்து ஓட்டல்களுக்கெல்லாம் போடுகிற வியாபாரி. மல் ஜிப்பா, தொப்பி, கையில் எப்போதும் ஒரு துணிப்பை.

"வாங்க தம்பி. நாலு ஓட்டல் என்ன, நாப்பது காட்டறேன். இந்த ஊருல நான் நுழையாத ஓட்டல் கெடையாது" என்றார்.

அது உண்மைதான். ஆனால் எல்லாவற்றிலும் அவர் பின்வாசல் வழியாகத்தான் நுழைந்திருக்கிறார் என்பதை அவர் சொல்லவில்லை. இருபது வருஷமாகத் தூள் கொடுக்கப் போய்ப் பழகிய கால்கள். எந்த ஓட்டல் வந்தாலும் அவர் சந்துக்குள் திரும்பி, சாக்கடையைத் தாண்டி, நேரே அடுப்பங்கரையில் போய் நிற்பார். முன்பக்கம் நாற்காலி மேஜை இருக்கும் என்ற நினைப்பே அவருக்கு வருவதில்லை. நானும் கூச்சத்தில் சொல்லவில்லை. ஆகவே கொச்சி நகரத்தின் ஓட்டல்களை எனக்கு இன்றும் பின்பக்கமிருந்துதான் அடையாளம் தெரியும்.

முதல் ஓட்டலில் மாவரைக்கும் உரலுக்குப் பக்கத்தில், உளுந்து மூட்டை மேல் உட்கார்ந்து மசால் தோசையை முள்ளுக்கரண்டியால் குத்தினேன். தோசை ஒரு பக்கமும் கிழங்கு ஒரு பக்கமும் போயின. மாஸ்டர் வந்து, "கையில என்ன அடிபட்டுச்சா?" என்று அனுதாபமாகக் கேட்டார். இரண்டாவது, பிராட்வே பக்கம் ஒரு சீன ஓட்டல். சீனாக்காரரை நேரில் பார்க்கப்போகிறோம் என்று எனக்கு ஒரே படபடப்பு. உள்ளே திருச்சூர்க்காரர் ஒருவர் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு நூடுல்ஸை வதக்கிக்கொண்டிருந்தார். காஜா அண்ணனைப் பார்த்த சந்தோஷத்தில் எனக்கு ஒரு கிண்ணம் சூப்பும் கரண்டியும் கொடுத்தார்.

'சுர்ர்ர்'. அடுத்த கணம் நான் பாத்திரம் கழுவும் தொட்டியில் துப்பியிருந்தேன். மூன்றடி தூரம், ஒரு சொட்டு சிந்தவில்லை.

திருச்சூர்க்காரர் என்னையும் சூப்பையும் மாறி மாறிப் பார்த்தார். காஜா அண்ணன் என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தார்.

"என்ன தம்பி இது? நல்லால்லீங்களா?"

"நல்லாத்தான் இருந்துச்சுண்ணே. பழக்கம்" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அறையை, கிண்ணங்களை, அம்மாவின் ரசத்தை. அப்பா அடுக்கிய சாக்குகளையும் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார்.

"நாளைக்கு அந்தப் பெரிய மனுசன் முன்னால இப்பிடித் துப்பினா, ஊடு போச்சுன்னு வெச்சுக்கங்க" என்றார். "சரி, இன்னிக்குப் பூரா எனக்கு வேற வேல இல்ல. கரண்டி ஒதட்டத் தொட்டதும் மனசுக்குள்ள 'முழுங்கு'ன்னு சொல்லுங்க. நானும் பக்கத்துல நின்னு சொல்றேன்."

அன்று மத்தியானம் முதல் விளக்கு வைக்கும் நேரம் வரை கொச்சியில் எத்தனை அடுப்பங்கரைகள் ஏறி இறங்கினோம் என்று கணக்கில்லை. ஒரு பிரியாணிக் கடையில் தயிர்ப் பச்சடி. ஒரு பேக்கரியின் பின்கட்டில் கஸ்டர்ட். படகுத்துறைக்குப் பக்கத்தில் மீன் குழம்பு. ஒவ்வொரு இடத்திலும் நான் கரண்டியை வாய்க்குக் கொண்டுபோக, காஜா அண்ணன் என் காதருகே குனிந்து, "முழுங்குங்க தம்பி, முழுங்குங்க" என்பார். பார்த்தவர்கள் நான் ஏதோ பெரிய வியாதியிலிருந்து எழுந்து வந்தவன் என்று நினைத்து இன்னும் ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டார்கள். இருட்டுவதற்குள் நான் குணமாகிவிட்டேன். எந்தக் கரண்டியில் எதைக் கொடுத்தாலும் விழுங்கினேன். மீன் முள்ளைக்கூட ஒன்று விழுங்கினேன்.

"இனி பயமில்ல" என்றார் காஜா அண்ணன். "ஆனா அந்த மெக்சிகோ அடுக்களைய மட்டும் நான் பாத்ததில்ல. அங்க லாசர்னு ஒரு மாஸ்டர். கப்பல்ல சமையல்காரரா இருந்து, அந்த நாட்டுல கொஞ்ச காலம் தங்கி வந்தவராம். யாரையும் உள்ள விடமாட்டாரு."

அந்த ஓட்டலுக்குக் காயலைத் தாண்டிப் படகில் போக வேண்டும். சனிக்கிழமை மத்தியானம் நண்பனிடம் இரவல் வாங்கிய பெல்பாட்டம் தரையைப் பெருக்க, நானும் டீமேக்கர் சாரும் முன்வாசல் வழியாகவே உள்ளே போனோம். எனக்கு முன்வாசல் என்பதே புது அனுபவமாக இருந்தது. குரியன் சார் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். நரைத்த மீசை, வெள்ளைக் கோட்டு, சிரிக்காத முகம். அவருக்குப் பக்கத்தில் கல்கத்தாவிலிருந்து தேயிலை வாங்க வந்திருந்த ஒரு சேட்டு. கஞ்சி போட்ட வெள்ளை வேட்டியும் ஜிப்பாவுமாக, இஸ்திரி கலைந்துவிடும் என்று பயந்தவர் போல அசையாமல் இருந்தார். எனக்கும் அவருக்கும் நடுவில், ஒரு கம்பித் தாங்கியின் மேல், பளபளவென்று ஒரு வாளி. அதில் ஐஸ் நிரப்பி, குரியன் சாரின் பீர் பாட்டில்கள் இரண்டைக் குளிர வைத்திருந்தார்கள். வாளி சரியாக என் இடுப்பு உயரத்துக்கு இருந்தது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

குரியன் சார் தமிழும் மலையாளமும் பாதிப் பாதியாகப் பேசுவார். வீட்டைப் பற்றிக் கேட்டார், அப்பாவைப் பற்றிக் கேட்டார். நான் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். தண்ணீரைச் சத்தமில்லாமல் குடித்தேன். கைத்துண்டை மடியில் விரித்தேன். டீமேக்கர் சார் மேஜைக்கடியில் என் காலைச் செல்லமாக ஒரு மிதி மிதித்தார். எல்லாம் நன்றாகப் போகிறது என்று அர்த்தம்.

முதலில் மக்காச்சோள மாவில் சுட்ட மெல்லிசான ரொட்டிகள் ஒரு துணியில் சுற்றி வந்தன. அதற்குத் தொட்டுக்கொள்ள என்று சொல்லி, பரிமாறுகிறவர் ஒரு நீளத் தட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

அதில் ஐந்து கிண்ணங்கள். வெள்ளைப் பீங்கான். கைப்பிடி கிடையாது. வரிசையாக. ஒன்றில் சிவப்பு, ஒன்றில் பச்சை, ஒன்றில் காய்ச்சிய டிக்காஷன் நிறம், ஒன்றில் மஞ்சள், கடைசியில் கறுப்பு. பக்கத்தில் ஒரே ஒரு கரண்டி.

காஜா அண்ணன் எனக்குக் கரண்டியைப் பழக்கியிருந்தார். கிண்ணங்களை யாரும் பழக்கவில்லை.

நான் எழுந்து நின்றதாக டீமேக்கர் சார் பிறகு சொன்னார். ருசி பார்க்கும் அறையில் யாரும் உட்காருவதில்லை. கரண்டியை எடுத்தேன். முதல் கிண்ணம். 'சுர்ர்ர்'. அந்த ஓட்டல் தோன்றிய நாள் முதல் அப்படி ஒரு சத்தத்தை அது கேட்டிருக்காது. திரும்பினேன். சேட்டு வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார். என் வாயிலிருந்தது அவருடைய ஜிப்பாவுக்கு ஒரு சாண் முன்னால் பறந்து, இரண்டு பீர் பாட்டில்களுக்கு நடுவில், ஐஸின் மையத்தில் போய் விழுந்தது. ஒரு சொட்டு சிந்தவில்லை.

"கலர் இருக்கு. பிரிஸ்க்கும் இருக்கு" என்றேன்.

இரண்டாவது கிண்ணம். சுர்ர்ர். வாளி. "பச்ச வாட அடிக்கு. வாட்டுனது பத்தல."

மூன்றாவது கிண்ணம். டிக்காஷன் நிறம். இதை நாக்கில் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். துப்பினேன். "சார், இதுல பொக ஏறிருக்கு. அடுப்புக் கொழாய்ல எங்கயோ ஓட்ட இருக்கு, ஆளவிட்டுப் பாக்கச் சொல்லுங்க."

எங்கள் தொழிலில் தேயிலையில் புகை வாடை வந்தால் அதுதான் காரணம். இலையை உலர்த்தும் அடுப்பின் குழாயில் ஓட்டை விழுந்திருக்கும். ஆனால் வழக்கமாக நான் இப்படிச் சொன்னதும் டீமேக்கர் சாரின் பென்சில் எழுதுகிற சத்தம் கேட்கும். அன்று கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று நிமிர்ந்து பார்த்தேன்.

சாப்பாட்டுக் கூடம் முழுவதும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்து மேஜை அம்மாள் ஒருவர் குழந்தையின் கண்ணைப் பொத்தியிருந்தார். டீமேக்கர் சார் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டு மேஜை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாளியில் ஐஸ் பச்சையும் சிவப்புமாக உருகிக்கொண்டிருந்தது.

எனக்கு அப்போது மானம் போனது பெரிதாகப் படவில்லை. கதவுக்குப் பின்னால் அடுக்கியிருந்த சாக்குகள்தான் கண்முன் வந்தன. தங்கைகளின் பள்ளிக்கூடம் வந்தது. வாயைத் திறந்து மன்னிப்புக் கேட்க நினைத்தேன். கையில் கரண்டியோடு அப்படியே நின்றேன்.

குரியன் சார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த மூணாவது. எந்தா பறஞ்சது?"

"பொக சார்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

அவர் கையை நீட்டினார். கரண்டியைக் கொடுத்தேன். அதைத் தண்ணீரில் அலசினார். எழுந்து நின்றார். மூன்றாவது கிண்ணத்தில் ஒரு வாய் எடுத்தார். என்னுடைய சத்தம் அவருடைய சத்தத்துக்கு முன்னால் கைக்குழந்தை என்று அப்போது தெரிந்தது. கூடத்தின் கண்ணாடி ஜன்னல்கள் அதிர்ந்தன என்று சொன்னால் கொஞ்சம்தான் மிகை. பிறகு அவர் வாயை மூடிக்கொண்டு, கன்னம் உப்ப, துப்ப இடம் தேடிச் சுற்றுமுற்றும் பார்த்தார்.

அதுவரை அசையாமல் இருந்த சேட்டு, மிகுந்த மரியாதையோடு பீர் பாட்டில்கள் இரண்டையும் வெளியே எடுத்து வைத்துவிட்டு, தாங்கியை அவர் பக்கம் நகர்த்தினார்.

"பொகதான்" என்றார் குரியன் சார், துப்பிவிட்டு. "பக்ஷே இது கொழாய்ப் பொக அல்ல. வெறகுப் பொக. வேணும்னே ஏத்தினது. தங்கராஜே, நீயும் நோக்கு."

டீமேக்கர் சாரும் எழுந்தார். அவருக்குப் பின் சேட்டும் எழுந்தார். தேயிலை வாங்குகிறவர்களும் வாழ்நாள் முழுவதும் துப்பிப் பிழைப்பவர்கள்தான் என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. நாலு பேரும் நின்றுகொண்டு ஐந்து கிண்ணங்களையும் முறைப்படி பார்த்தோம். சேட்டு தன் வேட்டியில் ஒரு சொட்டுப் படாமல் துப்பிய அழகைப் பார்த்து எனக்கு என் கர்வமெல்லாம் அடங்கிவிட்டது.

கடைசியில் குரியன் சார் உட்கார்ந்து, மீசையைத் துடைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் என்னிடம் சொன்னார். "மோனே, இருபது வருஷமா நான் ஓட்டல்ல சூப்பு குடிச்சதில்ல. கரண்டியக் கண்டா பேடியா இருக்கும். வீட்டுல மட்டும்தான், அதும் பின்வாசல்ல நின்னு." (பேடி என்றால் அவர்கள் பாஷையில் பயம்.)

அப்படியே நாற்காலியில் சரிந்தேன். உலகத்தில் நான் மட்டும் இப்படி இல்லை என்று தெரிவதில் எவ்வளவு பெரிய ஆறுதல் இருக்கிறது என்று அன்றுதான் அறிந்தேன்.

ஆறுதல் ஒரு நிமிஷம் நீடித்தது. அடுப்பங்கரைக் கதவைத் தள்ளிக்கொண்டு, கையில் நீளக் கரண்டியோடு லாசர் மாஸ்டர் வந்தார். பயில்வான் உடம்பு.

"ஆரு என்றெ சாப்பாட்ட துப்பியது?" என்று கேட்டார்.

சேட்டு என்னைக் காட்டினார். வியாபாரிகள் எப்போதும் அப்படித்தான்.

"அடுப்புக் கொழாய்ல ஓட்டன்னு பறஞ்சதும் இவன்தானோ?"

"மூணாவதுல பொக இருந்துச்சு மாஸ்டர். தப்பா சொல்லிட்டேன்" என்றேன்.

லாசர் மாஸ்டரின் கரண்டி மெல்லத் தாழ்ந்தது. அவர் குரியன் சாரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். மூன்றாவது கிண்ணத்தில் அரைத்திருந்த மிளகாயை மெக்சிகோவில் பழுக்கவிட்டு விறகுப் புகையில் நாள் கணக்கில் காயவைப்பார்களாம். ஒரு டப்பா நிறைய வாங்கிவந்து, கப்பல் முழுக்க மடியில் வைத்துக் காப்பாற்றி, வாரம் ஒரு சிட்டிகையாக அரைத்துப் போட்டுக்கொண்டிருந்தாராம். சாப்பிட வந்தவர்களெல்லாம் 'சட்னி தீய்ந்துபோச்சு' என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அடுத்த வாரத்திலிருந்து அதை நிறுத்தச் சொல்லி ஓட்டல்காரர்கள் உத்தரவு போட்டிருந்தார்கள்.

"தீஞ்சதல்ல, பொகன்னு சொன்ன முதல் ஆளு நீதான்" என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது. உடனே குரலை உயர்த்தி, "பின்னே எதுக்கடா துப்பினே?" என்றும் கேட்டார்.

சரி, இனி உட்கார்ந்து ஒழுங்காகச் சாப்பிடுவோம் என்று நாங்கள் ரொட்டியில் கை வைத்தபோது, மேற்பார்வையாளர் வந்து மிகப் பணிவாகக் குனிந்தார். மற்ற மேஜைக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து போய்க்கொண்டிருப்பதாகவும், நாங்கள் எழுந்தால் மற்றவர்கள் உட்கார வசதியாக இருக்கும் என்றும் சொன்னார். இவ்வளவு நாகரிகமாக என்னை வாழ்க்கையில் யாரும் வெளியே தள்ளியதில்லை. லாசர் மாஸ்டர்தான் எங்களைக் காப்பாற்றினார். கூடத்தின் பார்வைகளைத் தாண்டாமல் இருக்க, யாரையும் விடாத தன் அடுப்பங்கரை வழியாக எங்களை அழைத்துப்போனார்.

பின்வாசலில் துணிப்பையோடு காஜா அண்ணன் நின்றிருந்தார். காலையிலிருந்து அங்கேயே நின்றிருக்கிறார். என் முகத்தைப் பார்த்ததும் கேட்டார். "முழுங்கினீங்களா தம்பி?"

"இல்லண்ணே. அஞ்சும் துப்பினேன்."

அவர் பசித்த முகங்கள் நான்கையும் பார்த்துவிட்டு, "வாங்க" என்று படகுத்துறைக்குக் கூட்டிப்போனார். அரை மணியில் கொச்சியின் பெரிய டேஸ்டரும் கல்கத்தா சேட்டும் பிரியாணிக் கடையின் அடுப்பங்கரையில், வெங்காய மூட்டைகள் மேல் உட்கார்ந்திருந்தார்கள். சேட்டுக்குத் தயிர்ச் சோறு. குரியன் சார் மூன்று தட்டுப் பிரியாணி, கையாலேயே, ஒரு சத்தமும் இல்லாமல் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு டீமேக்கர் சாரிடம் சொன்னார்.

"தங்கராஜே, இவன் மதி, வேற ஆளு வேண்டா. கடுதாசி நான் அனுப்பறேன். வாங்கறவங்களோட சாப்பிடப் போகும்போ மாத்திரம் இவனுக்குக் கிண்ணம் காட்டாதே."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. வெங்காயம் என்று சமாளித்தேன். யாரும் நம்பவில்லை.

மறுநாள் சாயங்காலம் பஸ்ஸும் ஜீப்புமாக ஏறி வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அப்பா அடுப்பைத் தவிர எல்லாவற்றையும் மூட்டை கட்டியிருந்தார். நான் தேறுவேன் என்ற நம்பிக்கை அவருக்குக் கொஞ்சமும் இருக்கவில்லை என்று தெரிந்தது. குற்றம் சொல்ல முடியாது. நான் ரசம் குடிக்கும் அழகை அவரும் பார்த்தவர்தானே.

"என்னலே ஆச்சு?" என்றார்.

"ஓட்டல்ல வச்சு துப்பிட்டேன்ப்பா."

அப்பா ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்தார். "சரி, விடு. போனா போவுது" என்றார். அந்த வார்த்தையை எவ்வளவு பாடுபட்டுச் சொன்னார் என்பது எனக்குத் தெரியும்.

"நெரந்தரம் ஆயிட்டுப்பா" என்றேன்.

அவருக்குப் புரிய நேரம் பிடித்தது. எல்லாவற்றையும் சொன்னேன். சேட்டு வாளியை நகர்த்திய இடத்தில் தங்கைகள் சிரிக்க ஆரம்பித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். அப்பா மட்டும் எழுந்து, உட்கார்ந்திருந்த மூட்டையின் கயிற்றை அவிழ்த்தார். இரண்டாவது மூட்டையை அவிழ்க்கும்போது தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்து பக்கத்தில் போனேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"முப்பது வருஷம் நான் ஒழச்சுக் காப்பாத்த முடியாத வீட்ட, ஒரு மத்தியானத்துல துப்பிக் காப்பாத்திட்டியேலே" என்றார்.

அன்று முதல் எங்கள் குடும்பத்தில் அது 'துப்பிக் காப்பாற்றிய வீடு' ஆகிவிட்டது. என்னைப் பெண் பார்க்க அழைத்துப்போன இடத்தில் அப்பா இதை ஒன்றுவிடாமல் சொல்லித் தொலைத்தார். பாயசக் கிண்ணத்தோடு வந்த பெண் அதை என்னிடம் நீட்டாமல் அப்படியே திருப்பிக் கொண்டுபோய்விட்டாள். பிறகு டம்ளரில் ஊற்றிக்கொண்டு வந்தாள். அவளைத்தான் கட்டிக்கொண்டேன்.

போன வருஷம் கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் பேத்தி, எங்கள் இருவரையும் ஒரு மெக்சிகோ ஓட்டலுக்கு வற்புறுத்தி அழைத்துப்போனாள். உட்கார்ந்ததும் என் மனைவி பரிமாறுகிற பையனைக் கூப்பிட்டு, ஒரு காலி வாளி கேட்டாள். எதற்கு என்று சொல்லவில்லை. அவன் எங்கிருந்தோ ஒன்றைக் கொண்டுவந்து என் முழங்கைக்குப் பக்கத்தில் வைத்தான். ரொட்டியும் மூன்று சின்னக் கிண்ணங்களும் வந்தன. நான் கரண்டியை எடுத்தேன். பேத்தி போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். நான் எழுந்து நிற்கவில்லை. சத்தம் போடவில்லை. விழுங்கினேன். இத்தனை வருஷமாக ஊருக்கெல்லாம் கதை சொல்லிய சாப்பாடு, அன்றுதான் முதல் தடவையாக என் வயிற்றுக்குள் இறங்கியது. நன்றாகத்தான் இருந்தது.

பரிமாறுகிற பையன் வாளியை எடுத்துப்போகக் கை நீட்டினான்.

"இருக்கட்டும் தம்பி" என்றாள் என் மனைவி. "இன்னும் ரெண்டு கிண்ணம் இருக்குல்லா."